இரண்டு சீட்டுக் காரும் நான் எழுதாத வரியும்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேறு அழகான காரணம் ஏதும் தேட வேண்டாம். அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரர் ஒரு மதியம் டீயோடு வந்து உட்கார்ந்தார்.

"நீங்க கதை எழுதுறவராச்சே. எங்க கதையை எழுதுங்களேன். அப்பாவோட ஸ்போர்ட்ஸ் கார், முப்பது வருஷம் ஷெட்லயே கிடந்தது. நாங்க அதைத் திரும்ப எழுப்பிட்டோம்."

"நாங்கன்னா?"

"நானும் அப்பாவும்தான். தங்கச்சியும் கூடமாட இருந்தா."

தங்கை என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டேன். பஸ் டிப்போவில், பிரேக் பிரிவில் மெக்கானிக்காம். இவர் என்னைப் போலவே காப்பீட்டு விண்ணப்பங்களில் முத்திரை குத்துகிறவர். அப்பா ஓய்வுபெற்ற பல் டாக்டர். இந்த மூவரில் கூடமாட இருந்தது யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளையெல்லாம் வேண்டாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

அதனால் முடிவு எனக்குத் தெரியாது. தங்கையை நான் பார்த்ததுகூட இல்லை. இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது. (பக்கத்து மேஜைக்காரர் இனி வெறும் 'அண்ணன்'. கதைக்குள் வந்துவிட்டார் அல்லவா, மரியாதையைக் கழற்றி வெளியே வைத்துவிடுகிறேன்.)

2

முதல் தொடக்கம்: "ஷெட் கதவைத் திறந்தபோது தூசிக்கு அடியில் அந்தச் சிவப்புக் கார் ஆழ்ந்து தூங்கிக்கொண்…"

வேண்டாம். கார் தூங்காது. ஓட்டாமல் போட்டால் துருப்பிடிக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது தொடக்கம்: "அந்தக் கார் அப்பாவுக்கு இன்னொரு பிள்ளை மா…"

இதை எழுதிய விரலை ஒடிக்க வேண்டும். இருந்த பிள்ளையையே அவர் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

மூன்றாவது: தங்கை இன்ஜினுக்குள் எண்ணெய் ஊற்றிவிட்டுக் காத்திருந்தாள்.

இது நிற்கட்டும். இத்தனை வருடம் அசையாமல் கிடந்த இன்ஜினில் பிஸ்டன்கள் சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியே எண்ணெய் விட்டு, ஊற விட வேண்டும். பொறுமை இல்லாதவன் உள்ளே எதையாவது உடைப்பான். அவள் தினமும் டிப்போவிலிருந்து வந்து, முகம்கூடக் கழுவாமல், நீளமான ஸ்பானரைப் போட்டு மெல்ல அழுத்திப் பார்ப்பாள். அசையாது. இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடுவாள்.

வேறு ஊரிலிருந்த அண்ணன் போனில் யோசனை சொன்னான்: "நாலு பேரை வெச்சுத் தள்ளி ஸ்டார்ட் பண்ணேன்."

"நீ வந்து தள்ளு. நான் போனை வெக்கிறேன்."

ஒருநாள் ஸ்பானர் ஒரு விரல்கடை நகர்ந்தது. அவள் ஷெட் தரையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தாள். யாரும் பார்க்கவில்லை. பிறகுதான் மற்ற வேலைகள் நடந்தன: எலி குடித்தனம் நடத்திய சீட்டு, கோந்தாகிப்போன பெட்ரோல், உள்ளுக்குள் துருவேறிப் பொரிந்துபோன டேங்க். விடுப்பு எல்லாம் அதிலேயே கரைந்தது.

எதற்காக இந்தப் பாடு? அப்பா கேட்டார், அதனால்தான். "சாகறதுக்குள்ள அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேக்கணும்" என்று சாப்பாட்டு மேஜையில் பொதுவாகச் சொன்னார். பொதுவாகச் சொன்னதை அவள் தன்னிடம் சொன்னதாக எடுத்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தச் சத்தம் கேட்கும்போது, எல்லார் முன்னாலும், அப்பா தன் வாயால் "இது என் பொண்ணு செஞ்சது" என்று சொல்ல வேண்டும்.

3

கார் ஏன் ஷெட்டுக்குள் போனது என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

அண்ணன் இளைஞனாக இருந்தபோது அதை எடுத்துக் கேட்டில் மோதினான். அப்பா சிரித்தார். "ஆம்பளப் பையன், முட்டி மோதித்தான் கத்துக்குவான்." அடுத்த வருடம் தங்கை, பதினாறு வயது, யாரும் இல்லாத நேரத்தில் அதே காரைப் பின்னால் எடுத்து, வாசலில் திருப்பி, ஒரு கீறல்கூட விழாமல் கொண்டுபோய் நிறுத்தினாள். அப்பா அதைத் தெருமுனையிலிருந்து பார்த்துவிட்டார். அன்றைக்கு ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டார். மறுபடி அவரும் ஓட்டவில்லை. கேட்டவர்களிடம் "அந்த வண்டியில ருசி போயிடுச்சு" என்றார்.

(இந்த இடத்தில் என் பேனா குழைந்தது. "உள்ளூர அவருக்கு மகளை நினைத்துப் பயம். விபத்தில் இறந்துபோன தன் தம்பியை அவர்…" என்று அரைப் பக்கம் எழுதினேன். படித்த நண்பர் ஒருவர், "அப்படியே வெச்சுக்கோ, அப்பதான் அவர் மேல பரிதாபம் வரும்" என்றார். பரிதாபம் யார் கேட்டார்கள்? தம்பியைக் கண்டுபிடித்ததே நான்தான். நானே அடித்துவிட்டேன். எல்லா அப்பாவுக்கும் ஒரு சோகத்தைக் கண்டுபிடித்துத் தரும் வேலையை நான் செய்வதாக இல்லை.)

4

அந்த நாள். காலை பத்து மணி வெயில், வாசலில் சொந்தக்காரர்கள், செல்போன்கள் தயார். அண்ணன் குடும்பத்தோடு வந்துவிட்டான். முந்தின நாள் தங்கை தனியாக இன்ஜினை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்து, உடனே நிறுத்தியிருந்தாள். அது ஓடும் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். முதல் சத்தம் அப்பாவுக்கு என்று வைத்திருந்தாள்.

பேச்சு என்னவோ சத்தம் கேட்பது மட்டும்தான். வண்டி நகரக் கூடாது. ஏனென்றால் பிரேக் இல்லை. பிரேக்குக்கான ரப்பர்கள் இன்னும் வந்து சேரவில்லை. மிதித்தால் பெடல் அப்படியே தரையைத் தொடும். கைப்பிரேக் கம்பி அறுந்து கிடந்தது. கேட்டைத் தாண்டினால் தெரு நேரே இறக்கம், அடியில் லாரிகள் திரும்பும் சந்திப்பு.

அப்பா வந்தார், புதுச் சட்டையில். காரைச் சுற்றி நடந்தார். பெயின்டைத் தொட்டார். தங்கை சாவியை நீட்டினாள். அவர் சாவியை வாங்கி அண்ணன் கையில் வைத்தார்.

"ஸ்டார்ட் பண்ணுடா. நான் பக்கத்துல உக்காந்து கேக்கிறேன். அப்படியே ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

எல்லாரும் கை தட்டினார்கள். யாரோ ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தார்.

"அப்பா, பிரேக் பிடிக்காது. ஓட்ட முடியாது. நான்தான் சொன்னேனே, சத்தம் மட்டும்னு."

அண்ணன் சிரித்தான். "சாவி என் கைக்கு வந்ததும் பிரேக் போயிடுச்சா?"

"விளையாடாதே. பிரேக்ல கூடவா பொய் சொல்வேன்? தினமும் அதானே என் வேலை!"

"தினமும் அதானே வேலை, அப்புறம் ஏன் சரி பண்ணல?"

"ரப்பர் வரலடா! வந்து மிதிச்சுப் பாரு, நீயே மிதிச்சுப் பாரு!"

அவன் மிதித்துப் பார்க்கவில்லை. அப்பா அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "வண்டியைக் குடுக்க மனசில்ல அவளுக்கு. சின்ன வயசுலேர்ந்தே இதே புத்தி. நல்ல நாளும் அதுவுமா அழாதேம்மா, அப்புறம் உன்னையும் கூட்டிட்டுப் போவான்."

இந்த வீட்டில் மட்டும்தான் இப்படி நடக்கும். வேறு எங்கேயானாலும் பிரேக் மெக்கானிக் பிரேக் இல்லை என்று சொன்னால் ஆட்கள் இறங்கி ஓடுவார்கள். இங்கே அது பொறாமை.

அவள் சாவியைப் பிடுங்கப் போனாள். அண்ணன் கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டான். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள், அண்ணன் தங்கை விளையாட்டு என்று.

5

முடிவுக்கு வந்துவிட்டேன். என்னிடம் நான்கு இருக்கின்றன.

முதலாவது, அப்பா அவள் சொல்வதை நம்புகிறார். இதை எழுத மூன்று இரவு முயன்றேன். அந்த ஆள் ஒத்துழைக்கவில்லை.

இரண்டாவது, அவள் காருக்கு முன்னால் போய் நிற்கிறாள். அண்ணன் எவ்வளவு நல்லவனாக மாறினாலும் அவனால் நிறுத்த முடியாது. அடித்துவிட்டேன்.

மூன்றாவது, "போங்க, போய்த் தொலைங்க" என்று அவள் ஒதுங்கிக்கொள்கிறாள். என் கோபத்துக்கு இதுதான் பிடித்திருந்தது, ஒளிக்கவில்லை. கார் கேட்டைத் தாண்டும் வரை எழுதிவிட்டேன். அதற்குமேல் கை ஓடவில்லை. அப்பாவின் புதுச் சட்டை கண்ணில் பட்டது. எனக்கே அவரைக் கண்டால் ஆகாது, இருந்தும் முடியவில்லை.

நான்காவது. பானெட் இன்னும் திறந்துதான் இருக்கிறது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கு போடும் மூடிக்குள் ரோட்டர் என்று ஒரு துண்டு உண்டு, கட்டைவிரல் அளவு. இரண்டு கிளிப்பைத் தட்டி அதை உருவிவிட்டால் எவனாலும் காரைக் கிளப்ப முடியாது. அண்ணன் அப்பாவைக் கைத்தாங்கலாகச் சீட்டில் உட்கார வைக்கிறான். அவர்களுக்குத் தூக்கிய பானெட்டுக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. அவளுக்கு அந்த நேரம் போதும்.

ஆனால் பிறகு என்ன? சாவி திரும்பும், இன்ஜின் கரகரவென்று இழுத்துக்கொண்டே இருக்கும், பிடிக்காது. அத்தனை செல்போன்களும் அதைப் படம் பிடிக்கும். "நான் அப்பவே நினைச்சேன், இதெல்லாம் பொம்பள செய்யற வேலையா" என்று அப்பா சொல்வார், பக்கத்தில் எல்லாரும் தலையாட்டுவார்கள். நான்தான் கழற்றினேன் என்று அவள் காட்டினால் பொறாமைக்காரி. காட்டாவிட்டால் வேலை தெரியாதவள். அப்பா அதற்கப்புறம் அந்தச் சத்தத்தைக் கேட்க இருப்பாரோ மாட்டாரோ. அவர்கள் இருவரையும் உயிரோடு வைக்க அவள் கையில் இருப்பது இந்த ஒரே வழி, அதற்கு அவள் தன் வேலையைத் தானே தோற்கடிக்க வேண்டும். செய்தாள் என்று ஒருவருக்கும் தெரியாது.

நல்லவள், செய்துவிடுவாள் என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். பிறகு தோன்றியது, அந்த வீட்டில் எல்லாரும் இத்தனை காலம் நம்பிக்கொண்டிருப்பதும் அதைத்தானே. அவள் விட்டுக்கொடுப்பாள், அவள் பார்த்துக்கொள்வாள். அவர்களோடு சேர்ந்து நானும் அவள் தலையில் அதையே கட்டவா?

மாட்டேன். அந்த வரியை நான் எழுதவில்லை.

இப்போது அவள் விரல் கிளிப்பின் மேல் இருக்கிறது. அண்ணனும் ஏறிக் கதவைச் சாத்திவிட்டான். அவள் கழற்றத்தான் வேண்டும் என்றால், சரி, நீங்களே கிட்டே போய் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.