அப்பா குடித்த மூக்கிரட்டை

என் அப்பா பால்பாண்டிக்கு வாய் சும்மா இருக்காது. நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த அன்றே, கப்பலூர் கம்பெனியில் தன்னோடு வேலை பார்த்த அத்தனை பேருக்கும் போன் போட்டு, "எம் மக பவதாரிணி டாக்டராயிட்டா" என்று அறிவித்துவிட்டார். ஊசி போடுகிற டாக்டர் இல்லையப்பா என்று நான் தலையில் அடித்துக்கொண்டதெல்லாம் காற்றோடு போயிற்று.

என் ஆராய்ச்சி மூக்கிரட்டையைப் பற்றியது. வரப்போரம் தரையோடு படர்ந்து கிடக்கும். கீரையாகவும் சமைக்கலாம், சித்த மருத்துவத்தில் சிறுநீரகக் கோளாறுக்கும் கொடுப்பார்கள். அதில் ஆன்டிஆக்ஸிடன்ட் எவ்வளவு என்று பார்ப்பது என் வேலை. ஊதா நிறக் கரைசலில் இலைச்சாற்றை விட்டால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுக்கிறது என்று அளந்து எழுதுவேன். அவ்வளவுதான். அதில் மனிதர் யாரும் இல்லை, ஓர் எலிகூட இல்லை.

முதல் கட்டுரை வெளியானதும் அப்பா ஊர் முக்கில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். 'மூக்கிரட்டையின் மகிமையைக் கண்டுபிடித்த எங்கள் வீட்டு விஞ்ஞானியே!' என்று கொட்டை எழுத்து. மூலையில் செல்போனைக் காதில் வைத்தபடி அப்பாவின் படம். பார்த்துச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது, அன்றைக்கே கிழித்து எறிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டே அப்பாவின் இரண்டு சிறுநீரகங்களும் படுத்துவிட்டன. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். கீரை, இளநீர், வாழைப்பழம் கூடாது, அவற்றிலுள்ள பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லி, ஒரு தாளிலும் எழுதிக் கொடுத்தார். அம்மா அதை அடுப்படிச் சுவரில் ஒட்டினார். அதன்பிறகு முருங்கைக்கீரையோ தண்டங்கீரையோ வீட்டுக்குள் நுழையவில்லை. நான் பல்கலைக்கழக விடுதியில் நிம்மதியாகத் தூங்கினேன்.

போன வெள்ளிக்கிழமை காலை அம்மா போன் செய்தார். "அப்பாவுக்குக் கை காலத் தூக்க முடியலத்தா. நெஞ்சு ஒரு மாதிரியா அடிக்குதாம்."

ஓடிப்போய்ப் பார்த்தால், அடுப்பில் மூக்கிரட்டை கொதித்துக்கொண்டிருந்தது.

"கீரையே கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லம்மா!"

"இது எங்குட்டுக் கீரை? மருந்துல்ல? மூணு வாரமா ரெண்டு வேளையும் இம்புட்டுப் பெரிய டம்ளர்ல குடிக்கிறாரு. நீ கண்டுபிடிச்சதுதான?"

யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளில் அப்படித்தான். காசு கொடுத்து வாங்கிக் கடைந்து சோற்றில் பிசைந்தால் அது கீரை. வரப்பில் பறித்துக் கொதிக்கவைத்துக் குடித்தால் மருந்து. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்தத் தாளில் மூக்கிரட்டை என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுத எனக்குத்தான் தோன்றவில்லை.

மருத்துவமனையில் பார்த்தபோது, ஐந்துக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் ஏழைத் தாண்டியிருந்தது. ஊசிகள் போட்டார்கள். உடனே டயாலிசிஸ் செய்ய வேண்டும், ஆனால் மெஷின் எதுவும் காலியில்லை என்றார்கள். திரையில் இதயத்துடிப்பின் கோடு அகன்று அகன்று ஓடியது. அதற்கு என்ன அர்த்தம் என்று புரிகிற அளவுக்கு நான் படித்திருந்தேன். அந்தப் படிப்பு வேறு எதற்கும் உதவவில்லை. அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இளம் டாக்டர் ஒருவர் கடுகடுவென்று வந்தார். "யாருய்யா ஒங்களை அதைக் குடிக்கச் சொன்னது?"

நான் வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் குடிச்சேன்."

டாக்டர் நகர்ந்ததும் அப்பா என்னைக் குனியச் சொன்னார். மூச்சு வாங்கியது.

"நீ கண்டுபிடிச்சதுன்னு யார்கிட்டயும் சொல்லிப்புடாத தாயி. ஒன் டாக்டர் பட்டத்தப் பிடுங்கிருவாய்ங்க."

நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை அப்பா என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சரிப்பா" என்றேன். மெஷின் இன்னும் காலியாகவில்லை.