பாரிஸிலிருந்து வந்த அழைப்பு

ரைன் நதிக்கரைப் போரில் வென்ற மூன்றாம் நாள், தளபதி லொர்மேலைப் பிரெஞ்சுப் புரட்சி அரசு பாரிஸுக்கு அழைத்தது. அவருக்கு முன் அப்படி அழைக்கப்பட்ட இரண்டு தளபதிகளின் தலைகள் கில்லட்டினில் உருண்டிருந்தன. அவர்களும் அவரைப் போலப் பிரபு குலத்தில் பிறந்தவர்கள்தான்; பிரபுக்களையெல்லாம் துரோகிகளாகவே அந்த அரசு பார்த்தது.

"பிரபு, போகாதீங்க," என்றார் இருபது வருடமாக உடனிருந்த சார்ஜெண்ட் தூப்பேன். "படகு தயாரா இருக்கு. அக்கரையில உங்க தம்பி இருக்காரு."

"பிரபுன்னு கூப்பிடாதேய்யா, உன் தலையையும் கேப்பானுங்க. தம்பி எதிரிப் படையில இருக்கான். நான் அங்க போனா, என்னைத் துரோகின்னு இவனுங்க சொல்றது நிஜமாயிடும்."

"ஆகட்டுமே! உசுராவது மிஞ்சும்ல?"

லொர்மேல் நெடுநேரம் ஆற்றையே பார்த்தார். பிறகு தளபதி வண்டியில் ஏறிவிட்டார். மூன்று நாளைக்கு முன் அவரைத் தோளில் தூக்கி ஆடிய வீரர்கள், வண்டி கடந்தபோது குனிந்து துப்பாக்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை.

பாரிஸில் விசாரணை கால்மணி நேரம்கூட நடக்கவில்லை.

"முப்பது வருஷமா இந்த நாட்டுக்காக..." என்று லொர்மேல் எழுந்து பேச ஆரம்பித்தார். முன்பே எழுதி வைத்திருந்த தீர்ப்பை எழுத்தர் உரக்க வாசிக்கத் தொடங்கினார்.