பின்கட்டுப் பந்தி

என் வீட்டுக்காரர் சேஷனுக்கு ஒரு பெருமை உண்டு. கண்ணால் பார்த்ததை வைத்து எதையும் கணக்குப் போட்டுவிடுவாராம். காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவர் இவ்வளவாவது அலட்டிக்கொள்ள வேண்டாமா?

1940இல் அவர் ஆண்ட்ரமீடாவைப் பிடித்துக்கொண்டார். கோடானுகோடி நட்சத்திரங்கள் ஒரு நடுவைச் சுற்றி ஓடுகிற பெரிய கூட்டம் அது. எங்கே எவ்வளவு வெளிச்சமோ அங்கே அவ்வளவு பொருள். பொருளுக்குத் தக்க இழுப்பு. இழுப்பு தெரிந்தால் ஓடும் வேகமும் தெரிந்துவிடும். இதுதான் அவருடைய கட்டுரை. அதில் பெருக்கி, வகுத்து, வர்க்கமூலம் கண்டுபிடித்ததெல்லாம் நான். நானும் கணிதத்தில் பி.ஏ.தான்.

கணக்கின்படி, ஓரத்துக்குப் போகப் போக வேகம் குறைய வேண்டும். அமெரிக்காவில் அளந்து பார்த்தவர்களோ, ஓரத்து நட்சத்திரங்களும் சளைக்காமல் ஓடுவதாக எழுதியிருந்தார்கள்.

"அளந்தவாளுக்குத் தப்பிப்போச்சு," என்றார் இவர்.

"ஏன்னா, வெளிச்சமே இல்லாத ஏதோ ஒண்ணு அங்கே இருந்து இழுத்தா? அதை ஒரு வரி எழுதுங்கோ. கணக்குப் போட்ட என் பேரையும் போடுங்கோ."

"கண்ணுல படாததை எழுதினா சிரிப்பாளாக்கும்." பெயர் விஷயம் அவர் காதிலேயே விழவில்லை.

எனக்கு அந்த வரியும் வேண்டும், பெயரும் வேண்டும். கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில் நாத்தனார் விஜயலக்ஷ்மிக்குக் கல்யாணம் வந்தது. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த கையோடு, சக்கைப் பிரதமன், அதாவது பலாப்பழப் பாயசம், எவ்வளவு காய்ச்சுவது என்று சொல்லும் பொறுப்பை இவரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பந்தல்ல உக்கார்றவாளை எண்ணினா மதி, அதுவே போதும். எத்தனை உருளி வேணும், எந்த வேகத்துல தீரும், எல்லாம் சொல்லிடுவேன்."

"பின்கட்டுல நாங்க இருக்கோமே?"

"பெண்டுகள் கடைசியில மிச்சத்தைச் சாப்பிட்டுப்பா. அதுக்கு எதுக்குத் தனிக் கணக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. "அப்போ பந்தயம். உங்க கணக்கு சரியா வந்தா நான் வாயே திறக்கலை. தப்பினா, என் வரியும் பேரும் கட்டுரையில ஏறணும்."

"ஏறட்டும், ஏறட்டும்," என்று சிரித்தார்.

சமையல்காரர் நெல்லையப்பனுக்கு அரிசி களைவது எப்படி என்றுகூட இவர் பாடம் எடுத்திருந்தார். அந்தக் கடுப்பில் மனுஷர் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். கணக்குக்கு மேல் ஒரு உருளி காய்ச்சித் தந்தார். அதை உக்கிராண அறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பந்தலில் முதல் பந்தி உட்கார்ந்ததும் பின்கட்டிலும் இலை போட்டுவிட்டோம். சம்பந்தி வீட்டு மாமிகள் கொஞ்சம் தயங்கினார்கள். பிரதமன் வாசனை வந்தது, தயக்கம் போயிற்று. கல்யாண வீட்டில் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிடுவது அவர்களில் பலருக்கு அன்றுதான் முதல் தடவை.

முன்னால் இவர் கையில் கடிகாரத்தோடு நின்றுகொண்டிருந்தார். பந்தலில் யாரும் அளவுக்கு மீறிக் கேட்கவில்லை. அடுக்களையிலோ உருளிகள் மளமளவென்று காலியாயின. இரண்டாம் பந்திக்கு, மாப்பிள்ளை வேலை பார்க்கும் சர்க்கார் தலைமை ஆபீஸான ஹஜூர் கச்சேரியின் அதிகாரிகளெல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

இவர் ஓடி வந்தார். "லலிதா! உருளியில துளி இல்லை! நான் எண்ணினது சரியாக்கும். எங்கேதான் போச்சு?"

பின்கட்டுக் கதவைத் திறந்து காட்டினேன். வரிசை வரிசையாக மாமிகள் இலையை வழித்துக்கொண்டிருந்தார்கள். நடுநாயகமாக என் மாமியார். "சேஷா, இன்னும் கொஞ்சம் விடச் சொல்லுடா," என்றார்.

இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

"அதிகாரிகள் உக்காந்தாச்சு. மானம் போயிடும், லலிதா. வேற எங்கேயாவது கொஞ்சம் இருக்கா?"

"இருக்கு. கண்ணுல படாது." கட்டுரையையும் பேனாவையும் நீட்டினேன்.

"இப்பவா?"

"இப்பவேதான். வரியை நான் எழுதியாச்சு. என் பேரை மாத்திரம் உங்க கையால எழுதுங்கோ."

தாளைச் சுவரில் வைத்து, தம் பெயருக்குக் கீழே, எறும்பு மாதிரி எழுதினார்.

"கண்ணுல படலையே," என்றேன்.

அதை அடித்துவிட்டு, தம் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவில் லலிதாம்பாள் என்று எழுதினார். மை காய்கிறவரை ஊதினேன். அதற்கப்புறம்தான் சாவியைக் கொடுத்தேன்.