தலைகீழ்ப் பலகை

மந்தாரக்குப்பம் மெயின் ரோட்டில், செங்கமலத்தின் இட்லிக் கடைக்கு எதிரே, ஒரு சிறுபாலம் பல வருஷமாகக் கட்டப்பட்டுக்கொண்டே இருந்தது. முதல் காண்ட்ராக்டர் ரோட்டில் பாதியைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போனார். அடுத்து வந்தவர் பள்ளத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு அவரும் காணாமல் போனார். மிச்சப் பாதியில் சில டூவீலர்கள் நெளிந்து வரும். பஸ், கார் எல்லாம் பின்னால் இருந்த மண்பாதையில் சுற்றிப் போய்ப் பழகிவிட்டன. கடையில் வியாபாரம் படுத்துவிட்டது.

மூன்றாவதாக வந்த கம்பெனியின் இன்ஜினியர் பவித்ரா, சுரங்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். அவள் ஒரு புது யோசனை வைத்திருந்தாள். முழுப் பாலத்தையும் ரோட்டோரக் காலிமனையில் கான்கிரீட் பெட்டியாக வார்த்துவிடுவது. அது இறுகியதும் வெள்ளிக்கிழமை ரோட்டை மொத்தமாக மூடி வெட்டி, ஜாக்கியால் பெட்டியைப் பக்கவாட்டில் தள்ளி உள்ளே நிறுத்துவது. திங்கட்கிழமை காலை, சுரங்கத்தின் முதல் ஷிப்டுக்கு ரோட்டைத் திறந்துவிடுவது.

"செஞ்சு பாரும்மா. பழைய மாதிரியே செஞ்சா பழைய மாதிரியேதான் முடியும்" என்றார் அவளுடைய மேனேஜர். "ஆனா கடைக்காரங்க ஒத்துக்கணும். திங்கட்கிழமை நானே வந்து பார்க்கிறேன். வண்டிங்க ஒழுங்கா போச்சுன்னா மீதிப் பாலமெல்லாம் இப்படியே கட்டலாம்."

கடைக்காரர்கள் டீக்கடையில் கூடினார்கள். டீக்கடைத் தனம் எடுத்த எடுப்பிலேயே பாய்ந்தாள். "தொறந்துகினு இருக்கிற பாதியயும் மூடிட்டு இவங்களும் ஓடிப்போயிட்டா, நாம எல்லாம் ஷட்டர இழுத்துட்டுப் போவ வேண்டியதுதான்."

"எங்க வூட்டுக்காரரு மைன்ஸ்ல நெலக்கரி போற பெல்ட்ட நவுத்துற வேலதான செய்றாரு" என்றாள் செங்கமலம். "எம்மாம் நீளப் பெல்ட்டு! அதயே கழட்டாம கொள்ளாம பக்கத்துல நவுத்துறாங்க. இது ஒத்தப் பொட்டி, நவுறாதா? நான் பொறுப்பு."

கடைசி வார்த்தை எப்படி வாயிலிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் அத்தனை கடைக்காரர்களும் அதை நம்பித்தான் தலையாட்டினார்கள். சொதப்பினால் அந்தத் தெருவில் அவள் தலைகாட்ட முடியாது.

"அது பெல்ட்டு, இது கான்கிரீட்டு!" என்று வீட்டில் தலையில் அடித்துக்கொண்டார் சிங்காரவேல். "என் வேலயச் சொல்லி நீ பொறுப்பு ஏத்துகினு வர்றியே!"

பெட்டி இறுகியதும் ஒரு வெள்ளிக்கிழமை ரோட்டை மூடி வெட்டினார்கள். மறுநாள் சனிக்கிழமை ஊரே வேடிக்கை பார்க்கத் திரண்டது. பெட்டி நகர்ந்த நகர்வைப் பார்த்துப் பாதிப்பேர் சலித்துப்போய் வீட்டுக்குப் போய்விட்டார்கள். செங்கமலம் மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பெட்டி சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தது. ஞாயிறு சாயங்காலத்துக்குள் அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டி மட்டம் பண்ணி, தாரும் போட்டுவிட்டார்கள். சிங்காரவேல் வந்து, காலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்து, "பரவால்ல" என்றார். அவர் வாயில் அதுவே பெரிய பாராட்டு.

திங்கட்கிழமை விடியலில் செங்கமலம் அண்டா நிறைய மாவோடு அடுப்பைப் பற்றவைத்தாள். தடுப்புகள் எல்லாம் எடுத்தாகிவிட்டது. ரோடு கருகருவென்று கிடந்தது. ஆனால் ஒரு வண்டியும் வரவில்லை. தூரத்தில் வரும் விளக்குகள் ஒவ்வொன்றும், செக்குமாடு மாதிரி, மண்பாதைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. தனம் டீக்கடை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று இவளையே பார்த்தாள். ரோட்டோரம் நின்ற பவித்ரா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் வரும் நேரம்.

செங்கமலம் வேலைக்குக் கிளம்பிப்போன கணவருக்குப் போன் போட்டாள். "எங்க இருக்கீங்க?"

"சுத்திப் போற வழியிலதான். ஒரே தூசி!"

"நேத்து ரோட்டக் காலால தட்டிப் பாத்தவரு நீங்கதான?"

"அட, பழக்கத்துல திரும்பிட்டேன்!" செங்கமலத்துக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "என்னக் கட்டினவருக்கே ஞாபகம் இல்ல, ஊரச் சொல்லி என்னா!" என்று போனை வைத்தாள்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. மண்பாதை முனையில், துருப்பிடித்து, 'மாற்றுப்பாதை' என்று அம்புக்குறி போட்ட பலகை. முதல் காண்ட்ராக்டர் வைத்தது. செங்கமலம் அதைப் பவித்ராவுக்குக் கை காட்டினாள்.

"அது எங்களோடது இல்லக்கா, எங்க கணக்குலயே வரல" என்று பதறி ஓடிய பவித்ரா, பலகையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. அந்தக் காண்ட்ராக்டர் உருப்படியாகக் கட்டியது அந்தப் பலகையின் கால்கள் மட்டும்தான். "ஸ்பானர் கொண்டாங்க, கழட்டிடலாம்."

"கழட்டினா எவன் பாக்கப்போறான்? கண்ண மூடிகினு திரும்புறானுங்க" என்றாள் செங்கமலம். "தலகீழா மாட்டு பாப்பா."

பவித்ரா ஒரு நொடி விழித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். போல்ட்டைக் கழற்றிப் பலகையைத் திருப்பி மாட்டினார்கள். எழுத்து தலைகீழானது. அம்புக்குறி புது ரோட்டைக் காட்டியது.

அடுத்து வந்த ஷிப்டு பஸ் திரும்பப்போய், சடாரென்று நின்றது. டிரைவர் கழுத்தைச் சாய்த்துப் பலகையைப் படித்தார். அம்புக்குறி காட்டிய பக்கம் பார்த்தார். பஸ் மெதுவாகப் புது ரோட்டில் ஏறியது. பாலத்தின் மேல் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் வந்து, கடைக்கு முன்னால் நீளமாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனது. பவித்ரா செங்கமலத்தின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே வேன், கார், பைக் என்று வரிசை கட்டிவிட்டது.

மேனேஜர் வந்தபோது அவருக்கே உட்கார இடமில்லை. இட்லித் தட்டைக் கையில் ஏந்தியபடி பலகையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "அடுத்த பாலத்த எப்ப தள்ளப்போற?" என்று பவித்ராவைக் கேட்டார். தனம் தன் கடையிலிருந்து இரண்டு ஸ்பெஷல் டீயைக் கேட்காமலே கொண்டுவந்து வைத்தாள்.

முதல் ஷிப்டு முடிந்து சிங்காரவேல் புது ரோட்டில் ஜம்மென்று வந்து இறங்கினார். "பசிக்குது, சாப்ட என்னா இருக்குது?"

செங்கமலம் காலி அண்டாவைச் சாய்த்துக் காட்டினாள்.

"ஒண்ணுமே இல்ல" என்றாள், வாயெல்லாம் பல்லாக.