அம்மா ஏறிய மலை

கைபேசி அடித்தபோது சாருகா அப்பாவின் வலது காலுக்குச் சொக்ஸ் போட்டுக்கொண்டிருந்தாள். செத்துப்போன மனிசனுக்குக் கால் குளிரும் என்று யாராவது நினைப்பார்களா? அவள் நினைத்தாள். தொட்டுப் பார்த்தபோது சில்லென்று இருந்தது. உடனே அலுமாரியைத் திறந்து கம்பளிச் சொக்ஸைத் தேடி எடுத்துவிட்டாள்.

காலமை அப்பா மகேசன் தேத்தண்ணி கேட்டார். அவள் குசினிக்குள் போய் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். அம்புலன்சில் வந்தவர்கள் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். மாரி வரைக்கும் இதயம் தாங்கும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். இன்னும் ஆவணிகூட முடியவில்லை.

கைபேசியில் அம்மாவின் படம் தெரிந்தது. வீடியோ அழைப்பு.

"எடுக்காதை!" என்றார் சச்சிதானந்தன் மாமா. அம்மாவின் தமையன். செய்தி கேட்டு லில்லெஸ்ட்ரோமிலிருந்து ஒஸ்லோவின் ரொம்மனுக்குக் காரில் பறந்து வந்தவர், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றார். "கொம்மா எங்கை நிக்கிறா இப்ப?"

"மலையிலை, மாமா."

"ஐயோ கடவுளே."

ஸ்கொட்லாந்தில், லொக் லோமண்ட் என்ற பெரிய ஏரியின் கரையில் நிற்கும் மலை அது. கொனிக் ஹில் என்று பெயர். அம்மாவின் தங்கச்சி புஷ்பமலர் கிளாஸ்கோவில் இருக்கிறாள். அவள் ஒருமுறை அனுப்பிய படத்தைப் பார்த்த நாளிலிருந்து மகேசனுக்கு அந்த மலைப் பைத்தியம் பிடித்துவிட்டது. காலம் முழுக்க ஒஸ்லோவில் ரீபானே என்ற சுரங்க ரயிலை ஓட்டியவர். "நிலத்துக்குக் கீழையே சீவிச்சிட்டன், ஒருக்கா மேலை ஏறிப் பாக்க வேணும்" என்பார். "நோர்வேயிலை இல்லாத மலையோ?" என்று அம்மா கேட்டால், "இஞ்சத்தை மலையள் ஆளை விழுத்திப்போடும். அது பாவம், சின்ன மலை. ஏறினா முழுக்கத் தெரியும்" என்று வக்காலத்து வாங்குவார். இருவருக்கும் ரிக்கற் போட்ட பிறகுதான் இதயம் மக்கர் பண்ணியது. அம்மா போகமாட்டேன் என்று நின்றாள். அவர் விட்டால்தானே! "நீ போ யோகம். போய்ப் பாத்து எனக்குச் சொல்லு" என்று நச்சரித்து அனுப்பிவைத்தார்.

அடித்து ஓய்ந்த கைபேசி திரும்பவும் அடித்தது.

நம்முடைய சனம் சாவை உரியவரிடம் நேரே சொல்வதில்லை. முதலில் பக்கத்தில் நிற்கிறவருக்கு இரகசியமாகச் சொல்ல வேண்டும். அவர் "கொஞ்சம் கடுமையாம்" என்று மட்டும் சொல்லி ஆளைக் கூட்டிவருவார். வீட்டு வாசலில்தான் மிச்சம். மாமா அந்த ஒழுங்குப்படி புஷ்பமலர் சித்திக்கு எடுத்துக் களைத்துப் போயிருந்தார். சித்தியின் கைபேசிக்கு மலையில் தொடர்பு கிடைக்கவில்லை.

"எடுக்காட்டி அம்மா பயந்திடுவா" என்றாள் சாருகா.

"அப்ப எடு. ஆனா வாயைத் திறந்தியோ, மலையிலை நிக்கிறவ தலைசுத்தி உருண்டுபோவா. விளங்குதோ?"

அவள் கமராவை மூடிவிட்டு எடுத்தாள்.

"ஏறீட்டன், பிள்ளை!" அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. திரையில் காற்று அவள் தலைமயிரைப் பிய்த்துக்கொண்டிருந்தது. சித்தியின் சிவப்பு ஜக்கெற், நெற்றியில் பாதி அழிந்த பொட்டு. அம்மா இப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று! "எங்கை உன்ரை முகம்? அப்பாவைக் காட்டு."

"கமரா வேலை செய்யேல்லை அம்மா. அப்பா... அப்பா நித்திரை."

"இந்த நேரத்திலையோ? சரி, காதடியிலை வை. நித்திரையிலையும் கேக்கும் அந்தாளுக்கு."

சாருகா மாமாவைப் பார்த்தாள். அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவள் கைபேசியைத் தலையணையில், அப்பாவின் காதோடு வைத்தாள். அவளுக்குத் தன் கையையே வெட்டிப்போட வேண்டும் போலிருந்தது.

"இஞ்சருங்கோ... ஏறீட்டன். உங்கட மலையிலைதான் நிக்கிறன். முதல் பைன் காடு வரும் எண்டனீங்கள், வந்தது. பிறகு படி. நாரி முறிஞ்சுது. வெள்ளைக்காரக் கிழவன் ஒராள் கை குடுத்து ஏத்திவிட்டவர், கோவிக்காதேங்கோ." சிரித்தாள். "கீழை ஏரி. தீவெல்லாம் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா ஒரே நேராக் கிடக்குது, ஆத்தைக் கடக்கக் கல்லுப் போட்ட மாதிரி. இந்தப் பக்கம் சப்பட்டை நிலம், அந்தப் பக்கம் மலைக்கு மேலை மலை. ஏதோ வாசலிலை நிக்கிற மாதிரிக் கிடக்கு. கேக்குதோ?"

அங்கே ஒருமுறை நிறுத்தினாள். காற்று மட்டும் இரைந்தது. எங்கோ ஒரு செம்மறி கத்தியது.

பிறகு அம்மா முன்னையிலும் வேகமாகச் சொல்லத் தொடங்கினாள். முகில் நிழல் தண்ணீருக்கு மேலால் ஊர்ந்து போய்த் தீவில் ஏறி மறுபக்கம் இறங்குவதை, செம்மண் நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும் பெரணிச் செடிகளை, ஊதாப் பூக்களை, ஒரு வெள்ளைப் படகை, அது தண்ணீரில் விட்டுப்போன கோட்டை, அந்தக் கோடு அழிந்துபோனதை. ஒன்றையும் விடவில்லை. சித்தி "காணும் அக்கா, மழை வருது" என்று கூப்பிட்டும் நிறுத்தவில்லை. கடைசியில் தொடர்புதான் தானாக அறுந்தது.

மாமா சுவரோடு சாய்ந்து விம்மினார். சாருகா அழவில்லை. மற்றச் சொக்ஸைப் போட்டு முடித்தாள்.

அன்று பின்னேரம்தான் சித்திக்குச் செய்தி போனது. அடுத்த நாள் விமான நிலையத்தில் மாமா அம்மாவைக் கட்டிப்பிடித்துக் கதறினார். "நீ சொன்னதை எல்லாம் கேட்டிட்டுத்தான், யோகம், அத்தான் கண்ணை மூடினவர்!" அம்மா அவரின் தோளுக்கு மேலால் சாருகாவைப் பார்த்தாள். சாருகா நிலத்தைப் பார்த்தாள்.

நோர்வேயில் எடுத்த எடுப்பில் தகனம் கிடையாது, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை பின்னேரங்களில் சனம் இடியப்பமும் சொதியும் தேத்தண்ணிப் போத்தலுமாக வந்துபோனது. முதல் நாளே ஒரு மனிசி குசினிக்குள் கிசுகிசுத்தது மாமாவின் காதில் விழுந்தது: "புருசனை இந்த நிலைமையிலை விட்டிட்டு மலை பாக்கப் போவினமே?" மாமாவுக்கு அது போதும். வந்தவர்களுக்கெல்லாம் கதை சொல்லத் தொடங்கினார். முதல் நாள் கதையில் அத்தான் கேட்டார். மறுநாள் கேட்டுச் சிரித்தார். அதற்கடுத்த நாள் கண்ணோரத்தில் இரண்டு சொட்டுக் கண்ணீரும் வந்துவிட்டது. "குடுத்துவைச்ச மனிசன்" என்று சனம் மூக்கைச் சீறியது. அம்மா ஒரு மூலையில் இருந்து எல்லாம் கேட்டாள்.

சாருகாவுக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா நிற்கிறாள், இழுத்தால் விழுந்துவிடுவாள் என்று பயந்தாள். இழுக்காவிட்டால் சாகும்வரை அம்மாவின் முகத்தை நேரே பார்க்க ஏலாது என்றும் தெரிந்தது.

தகனம் முடிந்து வந்த மத்தியானம், அம்மா தோய்ந்துவிட்டு ஈரத் தலையோடு கட்டிலில் இருந்தாள். வரவேற்பறையில் சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சாருகா கதவைச் சாத்திவிட்டுத் துவாயோடு வந்து பின்னால் நின்றாள்.

"அம்மா, நான் உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். அண்டைக்கு அப்பா..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நித்திரை இல்லையெண்டு." அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கலியாணம் கட்டின நாளிலையிருந்து ரெண்டு வசனம் சேந்தாப்போலை அந்தாள் என்னைக் கதைக்க விட்டவரே? நித்திரையெண்டாலும் எழும்பிப் பிழை பிடிப்பார். அதுவும் அந்த மலையைப் பற்றி! கேக்குதோ எண்டு கேட்டன். ஒரு செருமல்கூட இல்லை."

 சாருகாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது, சின்னப்பிள்ளை மாதிரி, சத்தமாக.

"அப்ப ஏனம்மா... ஏன் அவ்வளவு நேரம் கதைச்சனீங்கள்?"

"நிப்பாட்டினா நீ சொல்லிப்போடுவாய் எண்டு."

வெளியே மாமா யாருக்கோ அந்தக் கண்ணீர்க் கட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா கதவுப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"அண்ணை சொல்லட்டும், விடு" என்றாள். "துடை, பிள்ளை. குளிருது."

சாருகா துடைக்கத் தொடங்கினாள்.

"இறங்கேக்க மழை பிடிச்சிட்டுது. வழுக்கல். சித்தி முன்னாலை போனாள், நான் அவளின்ரை சப்பாத்தைப் பாத்துப் பாத்துக் கால் வைச்சன். அவளுக்கு ஒண்டும் சொல்லேல்லை. சொன்னா அவளையும் நான்தான் இறக்க வேணும்."

"கீழை வந்து?"

"கீழை ஒரு கடை. தேத்தண்ணியும் கேக்கும் வாங்கித் தந்தாள். 'எப்பிடி அக்கா மலை' எண்டு கேட்டாள். வடிவெண்டு சொன்னன்." அம்மா தலையைக் கொஞ்சம் குனிந்து கொடுத்தாள். "கேக்கும் முழுக்கச் சாப்பிட்டனான்."