தங்க ஸ்டிக்கர் ஒட்டிய கிண்ணம்

அடுத்த வீட்டு வம்பு எனக்கெதற்கு என்று இருப்பவள்தான் நான். ஆனால் என் சமையலறை ஜன்னலும் நர்ஸம்மா வீட்டுச் சமையலறை ஜன்னலும் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் எதிரெதிரே இருக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டா பாத்திரம் கழுவ முடியும்?

நர்ஸம்மா என்பது கட்டடம் முழுக்கக் கூப்பிடுகிற பேர். என்னைவிடப் பத்து வயது சின்னவள். சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மருத்துவமனையில் வேலை. மதியம் ஒரு மணிக்கு அரை மணி நேர இடைவேளை. மூன்று மாடி ஏறி இறங்கவே பாதி போய்விடும். மிச்ச நேரத்தில் சுடச்சுட நாலு வாய் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அடுப்படியில் நிற்க நேரமில்லை என்றுதான் மைக்ரோவேவ் வாங்கினாள்.

வாங்கியது அவள். ஆண்டது அவள் புருஷன்.

அவருக்கு ஸ்டிக்கர் அடிக்கும் அச்சகத்தில் காலை ஷிஃப்ட். பன்னிரண்டுக்கெல்லாம் வீட்டில் ஆஜர். மைக்ரோவேவ் வந்த முதல் வாரமே ஐஸ்கிரீம் டப்பாவில் சோற்றைப் போட்டுச் சுட வைத்தார். டப்பா இடுப்பொடிந்து சோற்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. "கண்ட பிளாஸ்டிக்கையும் வைக்காதீங்க, எவர்சில்வர் வைக்காதீங்க, பாத்திரத்தைப் பார்த்து எடுங்க" என்று நர்ஸம்மா வாயை விட்டாள். அன்றைக்குப் பிடித்தது அவருக்குச் சோதனைப் பைத்தியம்.

மைக்ரோவேவுக்குள் கண்ணாடி டம்ளரில் தண்ணீர், பக்கத்தில் காலிப் பாத்திரம், ஒரு நிமிடம். தண்ணீர் மட்டும் சுட்டால் பாத்திரம் பாஸ். பாத்திரம் சுட்டால் ஃபெயில். சோதனையைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் பன்னிரண்டு மணியிலிருந்து சும்மா இருந்துவிட்டு, சாட்சி வேண்டும் என்று சரியாக ஒரு மணிக்கு ஆரம்பிப்பாரே, அதற்கு என்ன சொல்ல?

"ஏங்க, அதை வெளிய எடுங்க. பசிக்குது."

"முப்பது செகண்டு இரும்மா. இந்தப் பீங்கான் மேல எனக்கு ஒரு சந்தேகம்."

"எனக்கு உங்க மேலதான் சந்தேகம்."

சில்லென்ற சோற்றை விழுங்கிவிட்டு ஓடுவாள். மூன்று வாரம் இதே கூத்து.

இதில் என் தலையும் உருண்டது. அவர்கள் கல்யாண நாளுக்கு நான் கொடுத்த தட்டுகளை ஒருநாள் திருப்பிக் கொண்டுவந்து நீட்டினார்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. ஓரத்துல தங்கக் கோடு இருக்கு பாருங்க, அது உலோகம். உள்ள வெச்சா பொறி பறக்கும்."

"தம்பி, அதுல போட்டுச் சாப்பிடுங்க. உள்ள வைங்கன்னு யார் சொன்னது?"

"அவசரத்துல மாத்தி எடுத்து வெச்சிடுவோங்கக்கா."

வாங்கி வைத்துக்கொண்டேன். மறக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை நர்ஸம்மா வரும்போதே முகம் செத்திருந்தது. காலையிலிருந்து ஒரு வாய் டீ கூட இல்லையாம். இவரோ அடுப்படி வாசலிலேயே நின்று சிரிக்கிறார்.

"எல்லா டெஸ்ட்டும் முடிஞ்சுதும்மா! இருபத்தி மூணு பாஸ். இனிமே நீ யோசிக்கவே வேணாம். ஸ்டிக்கர் இருந்தா எடு, உள்ள வை."

சமையல் மேடை நிறையக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் பளபளவென்று தங்க நிறத்தில் வட்ட ஸ்டிக்கர், நடுவில் 'பாதுகாப்பானது'. அச்சகத்திலேயே உசத்தியான ரகம், தண்ணீரில் ஊறினாலும் உரியாதாம்.

அவள் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றில் சோற்றைப் போட்டு, உள்ளே வைத்து, பொத்தானை அழுத்தினாள். பட், பட், படார்! உள்ளே நீல வெளிச்சம் துள்ளியது. அவர் பாய்ந்து சுவிட்சை அணைத்தார். கருகிய நாற்றம் என் வீடு வரை வந்தது.

"இது பாஸான கிண்ணந்தானே?" என்றாள், ரொம்ப மெதுவாக.

"கிண்ணம் பாஸ்தாம்மா..."

"அப்ப எரிஞ்சது எது?"

அவர் ஸ்டிக்கரைப் பார்த்தார். பாதி கருகியதில் 'பாது' மட்டும் மிச்சமிருந்தது. நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

"தம்பி, என் தட்டுக் கோட்டைவிட உங்க ஸ்டிக்கர் நல்லாவே மின்னுதே!"

நர்ஸம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். "இருபத்தி மூணையும் சுரண்டுங்க. நாளைக்கு நான் வர்றப்ப சோத்துல ஆவி பறக்கணும். இல்லேன்னா இந்தப் பெட்டியில ஒரு ஸ்டிக்கர், உங்க நெத்தியில ஒரு ஸ்டிக்கர், ரெண்டையும் அச்சகத்துல விட்டுட்டு வந்துடுவேன்."

சாயங்காலம் வரை சுரண்டினார். வெந்நீர், எண்ணெய், நகம், கடைசியில் என் பழைய கத்தி. உரியாத ரகம் அல்லவா?

"எவன்க்கா இவ்வளவு கோந்து போட்டான்?"

"உங்க ஆளுங்கதான் தம்பி."

மறுநாள் ஒரு மணிக்கு எனக்குக் கழுவ ஏகப்பட்ட பாத்திரம் இருந்தது. அவள் உள்ளே வந்தாள். மேசையில் ஸ்டிக்கரும் இல்லாமல் கோடும் இல்லாமல் ஒரு மொட்டைக் கண்ணாடிக் கிண்ணம். அதில் ஆவி பறக்கும் சோறு. உட்கார்ந்து, ஊதி ஊதி, முதல் வாயை எடுத்து வைத்தாள். அவருக்கு வாய் சும்மா இருக்குமா?

"இந்தக் கிண்ணத்தை எப்படி எடுத்தேன்னு தெரியுமாம்மா? முதல்ல வந்து..."

"பேசாதீங்க" என்றாள் நிமிராமல். "ஆறிடும்."