ரயிலேறிப் போய் நடப்பவர்

ரயிலேறிப் போய் நடந்துவிட்டு வருகிறேன் என்று புருஷன் சொன்னால் எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? கால் இருக்கிறது, வாசலில் தெரு இருக்கிறது. நடப்பதற்கு எதற்கு டிக்கெட்?

என் வீட்டுக்காரர் சவரிநாதன் அப்படித்தான் சொன்னார். 1961-ல் வைகாசி மாதம் எங்கள் ஒரே மகளை ஜாம்ஷெட்பூரில் கட்டிக் கொடுத்தோம். ஆவணியில் இவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை மேலப்புதூர் மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் கட்டுச்சோற்றை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வருவார். செருப்பெல்லாம் செம்மண், வேட்டி ஓரமெல்லாம் ஒட்டுப்புல்.

"எங்கேங்க போறீங்க?"

"நடக்க."

"யாரோட?"

"தனியாத்தான்."

அவ்வளவுதான் பதில். கலெக்டர் ஆபீஸில் டைப்பிஸ்ட். நாள் முழுக்க அடுத்தவர் வார்த்தையை அடித்து அடித்து, தனக்கென்று ஒரு வார்த்தையும் மிச்சமில்லாமல் வீட்டுக்கு வருகிறவர். இருபத்திரண்டு வருஷத்தில் என் குழம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னதில்லை. உப்புக் குறைந்தாலும் சொன்னதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிற வேலை என்னுடையது.

எதிர்வீட்டு சகாயம்மாளின் புருஷன் ரயிலில் கார்டு. ஒருநாள் அவள் மெதுவாக ஆரம்பித்தாள். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் வாராவாரம் வையம்பட்டியில எறங்குறாராமே. அங்க உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்லையே."

"அதான் கேட்டேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கொளுத்திப் போட்டவள் நின்று பார்ப்பாளா?

அந்த வாரம் துண்டு நிறையப் பச்சைக் கடலை முடிந்து கொண்டு வந்தார். யார் கொடுத்தது என்று கேட்டேன். "ஒரு அம்மா," என்றார். கடலையை அவித்து, அவருக்கு ஒன்றுகூடக் கொடுக்காமல் முழுவதையும் நானே உட்கார்ந்து தின்றேன்.

அடுத்த ஞாயிறு பின்தொடர்ந்தேன். அதை வேறு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும், ஆனாலும் போனேன். அவர் மூன்றாம் வகுப்பில் முன்பக்கம் ஏறினார். நான் முக்காட்டைப் போட்டுக்கொண்டு பெண்கள் பெட்டியில் உட்கார்ந்தேன். வையம்பட்டியில் இறங்கி ஊருக்குள் போவார், ஏதோ ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவார், அங்கே போய் நிற்க வேண்டும் என்பது என் கணக்கு. என்ன கேட்க வேண்டும் என்பதை வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

அவர் ஊர்ப்பக்கமே திரும்பவில்லை. தண்டவாளத்தைத் தாண்டி, மணப்பாறைப் பக்கமாகப் போகிற வண்டிப்பாதையைப் பிடித்தார். வந்த வழியே திரும்பி ஒன்பது மைல்! ஒரு கிணற்றை எட்டிப் பார்த்தார். ஆட்டுமந்தைக்கு ஒதுங்கி நின்று, கடைசி ஆடு போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாதா பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே நடந்தார். வீட்டில் அவர் முனகி நான் கேட்டதே இல்லை. ஒரு வீட்டுக்கும் போகவில்லை, ஒருத்தியும் எதிரே வரவில்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது குழப்பம்தான்.

மூன்றாவது மைலில் என் செருப்பு வார் அறுந்தது. அவர் போய்க்கொண்டே இருந்தார். நான் ஒரு கடலைக் கொல்லை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். செடி பிடுங்கிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். பெயர் ராசாத்தி என்றாள். மணப்பாறைக்குப் போகிறேன், பஸ்ஸை விட்டுவிட்டேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"முன்னால போறாரே, அவரு பின்னாலயே போங்க தாயி, வழி தவறாது. நல்ல மனுசன். பாவம்."

"யாரு அவரு?"

"திருச்சிக்காரரு. வாராவாரம் வருவாரு. மொதல்ல நெலம் அளக்க வந்த ஆளுன்னு பயந்துட்டோம். கேட்டா, சும்மா நடக்கிறேன்னாரு. ரயிலேறி வந்து சும்மா யாராச்சும் நடப்பாங்களா? புத்தி பெசகின ஆளோன்னு எங்க வீட்டுக்காரரு கம்பத் தூக்கிட்டாரு. அப்புறந்தான் உள்ளதச் சொன்னாரு. சம்சாரம் தவறிப்போச்சாம்."

"என்னது?"

"ஆமா தாயி. ஆடி மாசம். அந்தம்மா இல்லாத வீட்டுல ஞாயித்துக்கெழம உக்கார முடியலையாம்."

ஆடி மாதம் நான் மகளுக்கு எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டு அனுப்பினேன். பார்சல் வந்து சேர்ந்தது என்று கடிதம்கூட வந்தது.

"அந்தம்மாவப் பத்திப் பேச ஆரம்பிச்சா வாயே மூட மாட்டாரு," என்றாள் ராசாத்தி.

"அவரா? பேசுவாரா?"

"கேட்டுப் பாக்கணும்! கோயில்ல அவுக பாடுனா, முன்வரிசையில இருக்கவுகளும் திரும்பிப் பாப்பாங்களாம். மீன் கொழம்பு வச்சாத் தெருவே மணக்குமாம். கோவம் வந்தா பாத்திரத்த டங்கு டங்குன்னு வப்பாங்களாம், அந்தச் சத்தம் கேக்காம வீடு வீடாவே இல்லையாம். சொல்லும்போதே கண்ணு கலங்கிப் போயிரும். அந்த மகராசி பேரச் சொல்லித்தான் போன வாரம் ரெண்டு கடல முடிஞ்சு குடுத்தேன்."

என் கருமாதிக் கடலையை நானே அவித்துத் தின்றிருக்கிறேன். சிரிப்பதா, அழுவதா, எழுந்து ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. இவருக்கு நடிக்க வராது. சகாயம்மாள் மகனின் மொட்டைத் தலையைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கக்கூட வராது. அப்படியானால் கலங்கியது நிஜக் கண்ணீர். நான் உயிரோடு இருக்கும்போது யாருக்காக?

அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மீதி வழியை நடந்தேன். மணப்பாறை ஸ்டேஷனில் அவர் பெஞ்சில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நான் எப்படிங்க செத்தேன்? காய்ச்சலா?" என்றேன்.

"நெஞ்சுவலி," என்றார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகிய மனுஷர்.

பிறகு, இருபத்திரண்டு வருஷத்தில் இல்லாத அளவுக்கு என்னிடம் பேசினார். "பொண்ணு போனப்புறம் வீட்டுல இருக்க முடியல. மொதல்ல ஸ்ரீரங்கம் போயி, கொள்ளிடக் கரையிலதான் நடந்தேன், கருமாதி பண்ண வர்ற எடம் அது. ஆபீஸ்காரங்க ரெண்டு பேர் பாத்துட்டு, வீட்டுல யார் தவறிட்டாங்கன்னு கேட்டாங்க. யாரும் தவறல, சும்மா நடக்கிறேன்னா விடல. மறுநாள் ஆபீஸ் பூரா அதே பேச்சு. அதான் தெரியாத ஊரா வந்தேன். இங்கயும் கேட்டாங்க. சம்சாரம் தவறிட்டான்னதும் கேக்கறத நிறுத்திட்டாங்க."

"உங்க அம்மா செத்துட்டாங்கன்னு சொல்லியிருக்கலாமே?"

"அவங்க நெஜமாவே செத்துட்டாங்களே."

"நான் உயிரோட இருக்கேன்னு சொன்னா என்ன?"

"ஏன் கூட்டிட்டு வரலைன்னு கேப்பாங்க."

"ஏன் கூட்டிட்டு வரலை?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். கைகாட்டி இறங்கியது. ரயில் வந்துவிட்டது. நான் பெண்கள் பெட்டிக்குப் போகாமல் அவர் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தேன். திருச்சி வரும்வரை நானும் பேசவில்லை. எனக்கே அது புதிதாக இருந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, "வர்றியா?" என்றார். போனேன்.

ராசாத்தி தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டு இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "அட! போன வாரம் மாப்பிள்ளையத்தான் வேவு பாத்தீங்களா?"

இவர் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. நானாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் இவர் பொய்யர், அவள் ஏமாளி. அதைவிட, அந்த அம்மாவைப் பற்றி இன்னும் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறார் என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. அதற்குள் ராசாத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல காரியம் தாயி. எத்தன நாளைக்குத்தான் மனுசன் ஒத்தையில நடப்பாரு. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. மொத சம்சாரம் மாதிரி இனி ஒருத்தர் வர முடியாது. அவுகள இவரு மறக்கவும் மாட்டாரு. நீங்கதான் பொறுத்துப் போகணும்."

"சரிங்க," என்றேன்.

ஆக, நான் சந்தேகப்பட்டது சரிதான். இவருக்கு இன்னொருத்தி இருந்தாள். அவளோடு வாராவாரம் ஒன்பது மைல் நடந்திருக்கிறார், அவள் பாட்டையும் குழம்பையும் கோபத்தையும் கண்டவர்களிடமெல்லாம் பேசியிருக்கிறார். அவள்மேல் எனக்கு வந்த பொறாமை சகிக்கவில்லை.

கொல்லையைத் தாண்டியதும் கேட்டுவிட்டேன். "ஏங்க, அந்தம்மாவப் பத்திச் சொன்னீங்களே, அதை ஒரு தடவை என்கிட்டச் சொல்லுங்களேன்."

அவர் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். உதடு இரண்டு முறை அசைந்தது. நான் காத்திருந்தேன்.

"பாத்து வா," என்றார். "முள்ளு கெடக்கு."